வானொலியும் திரையும் வளர்த்த பிள்ளைகள்

பத்தாம் வகுப்பில் ‘இரு உலகப்போர்களுக்கு இடையில் உலகம்’ பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1929ஆம் ஆண்டு பங்குச்சந்தை வீழ்ச்சிக்கு முந்தைய அமெரிக்காவைப் பற்றிச் சொல்லும்போது, பல வீடுகளில் வானொலிப் பெட்டி, வாசலில் தவணைக்கு வாங்கிய கார், வாரம் ஒரு சினிமா என்று மக்கள் வாழ்ந்ததை விவரித்தேன். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், அப்பவே அவ்வளவு சினிமா பார்த்தாங்களா? அவங்க வீட்ல திட்ட மாட்டாங்களா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என்னிடம் பதில் இல்லை. “நாளைக்குச் சொல்றேம்மா” என்று சமாளித்துவிட்டு, பொருளாதாரப் பெருமந்தத்துக்குத் தாவிவிட்டேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், “கைப்பேசிதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது” என்று பெற்றோரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தேன். அதனால் அந்த மாணவியின் கேள்வி என்னை விடவில்லை. விடை தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஒரு நாளில் முடியும் என்று நினைத்தது ஒரு கோடை விடுமுறை முழுவதையும் எடுத்துக்கொண்டது. படித்ததையும், அதன் பிறகு வகுப்பில் நான் மாற்றிக்கொண்ட ஒன்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே பாட்டு, ஒரே நேரம்

‘வெகுமக்கள் பண்பாடு’ என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பாட்டும் கூத்தும் கதையும் எல்லாச் சமூகங்களிலும் எப்போதும் உண்டு. அவை அந்தந்த ஊரில், அந்தந்த மக்களால் உருவாக்கப்பட்டவை. எங்கோ ஓரிடத்தில், இலாப நோக்கில் தயாரிக்கப்பட்டு, கோடிக்கணக்கானோரை ஒரே வடிவில் சென்றடைவதே வெகுமக்கள் பண்பாடு. அது முழு வீச்சில் முதலில் வளர்ந்த நாடுகளில் அமெரிக்கா முதன்மையானது.

1920 நவம்பர் 2 அன்று பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. வானொலி நிலையம் குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. அதைக் கேட்டவர்கள் மிகச் சிலரே. பத்தே ஆண்டுகளில், 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் “உங்கள் வீட்டில் வானொலி இருக்கிறதா?” என்று அரசே கேட்டது. சுமார் 40 விழுக்காட்டுக் குடும்பங்கள் ‘ஆம்’ என்றன. 1926இல் என்.பி.சி., 1927இல் சி.பி.எஸ். ஆகிய வலைப்பின்னல்கள் தொடங்கப்பட்டன. நாட்டின் ஒரு மூலையில் இருந்த விவசாயக் குடும்பமும் நியூயார்க் நகரக் குடும்பமும் ஒரே நகைச்சுவைக்கு ஒரே நேரத்தில் சிரித்தன. 1927இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளிவந்ததும் சினிமாவும் பேசத் தொடங்கியது.

அதுவரை ஒரு சிற்றூர்ப் பிள்ளைக்கு உலகத்தை அறிமுகப்படுத்தியவர்கள் யார்? பெற்றோர், தேவாலயப் போதகர், பள்ளி ஆசிரியர், ஊர்ப் பெரியவர்கள். நால்வரும் அந்தப் பிள்ளையின் முகம் அறிந்தவர்கள். இப்போது ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது. அந்தக் குடும்பம் எதை வாங்கும் என்பது மட்டுமே அவருக்குத் தேவைப்பட்டது.

சிக்கனம் எங்கே போனது?

அமெரிக்கர்களின் பழைய விழுமியங்களில் சிக்கனம் முக்கியமானது. உழைத்துச் சேமித்து, கையில் பணம் சேர்ந்த பிறகே பொருள் வாங்க வேண்டும். கடன் வாங்குவது இழுக்கு. இதை உறுதியாக நம்பியவர்களில் ஒருவர் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு. 1908இல் 850 டாலருக்கு அறிமுகமான அவருடைய ‘மாடல் டி’ காரின் விலை, நகரும் தொகுப்பு வரிசை முறையால் 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது.

அப்போதும் கடனுக்கு விற்க ஃபோர்டு முன்வரவில்லை. 1923இல் அவர் ஒரு வாராந்திரச் சேமிப்புத் திட்டம் கொண்டுவந்தார். வாரம் 5 டாலர் கட்டிவர வேண்டும். முழுத் தொகையும் சேர்ந்த பிறகே கார் கைக்கு வரும். போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸோ 1919இலேயே கடன் வழங்கத் தனி நிறுவனம் தொடங்கியிருந்தது. காரை இன்றே எடுத்துப் போகலாம், பணத்தைத் தவணையில் கட்டலாம். மக்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபோர்டின் திட்டம் தோற்றது. 1928இல் அவரது நிறுவனமும் கடன் கொடுக்கத் தொடங்கியது.

சிக்கனம் தவறு என்று எந்தப் போதகரும் சொல்லவில்லை, எந்தச் சட்டமும் வரவில்லை. வார இதழின் வண்ணப்பக்க விளம்பரமும், வானொலி நிகழ்ச்சிக்கு இடையில் ஒலித்த குரலும், திரையில் நடிகை வாழ்ந்த வீடும் சேர்ந்து ‘இப்போதே வேண்டும்’ என்ற மனநிலையை வளர்த்தன. பெரும்பாலான விழுமியங்கள் இப்படித்தான் மாறுகின்றன. யாரும் அவற்றை எதிர்த்து வாதாடுவதில்லை. அன்றாடப் பழக்கம் மாறுகிறது, விழுமியம் பின்னால் போகிறது. பெருமந்தம் பற்றிய பாடத்தில் தவணைக் கடனைக் குறிப்பிடும்போது இந்த ஃபோர்டு கதையை இப்போது சேர்த்துச் சொல்கிறேன். மாணவர்கள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு

படித்தவற்றுள் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 14 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் மட்டுமே உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1930இல் அது பாதியாக உயர்ந்தது. 1940இல் பத்தில் ஏழு பேருக்கு மேல்.

அதற்கு முன் பதினைந்து வயதுப் பையன் அப்பாவுடன் வயலிலோ, பெரியவர்கள் நடுவே தொழிற்சாலையிலோ இருந்தான். பதினைந்து வயதுப் பெண் அம்மாவுடன் அடுப்படியில் இருந்தாள். பள்ளி அவர்களை வெளியே கொண்டுவந்து, தங்கள் வயதுக்காரர்களுடன் நாள் முழுவதும் இருக்கச் செய்தது. எந்த உடை அழகு, எந்தப் பாட்டு புதிது என்பதைப் பெரியவர்களிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்து இருக்கையில் கேட்டால் போதும். ‘டீன் ஏஜர்’ என்ற சொல் 1940களில் அங்கே பரவலானபோது, அந்த வயதினரைத் தனிச் சந்தையாகவே வணிகர்கள் பார்க்கத் தொடங்கியிருந்தனர். கல்விப் பரவல் என்னும் பெரும் நன்மையே வெகுமக்கள் பண்பாட்டுக்கு ஓர் அவையையும் கூட்டிக் கொடுத்துவிட்டது.

இராபர்ட் லிண்ட், ஹெலன் லிண்ட் தம்பதியர் இண்டியானா மாநிலத்தின் மன்சி என்ற சிறு நகரத்தில் 1924 முதல் தங்கி ஆய்வு செய்து, 1929இல் ‘மிடில்டவுன்’ என்ற நூலாக வெளியிட்டனர். 1890களின் வாழ்க்கையோடு 1920களை ஒப்பிட்டது அந்த ஆய்வு. பெண் பார்க்க வரும் இளைஞன் முன்பு வீட்டுக் கூடத்தில், பெற்றோர் காதுக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து பேசினான். இப்போது காரில் அழைத்துப் போனான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போக வேண்டிய குடும்பங்கள் காரில் ஊர் சுற்றப் போயின. வீட்டில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சச்சரவு எதனால் வருகிறது என்று மாணவர்களிடமே கேட்டபோது, இரவில் வீடு திரும்பும் நேரமும் காரைப் பயன்படுத்துவதும் பட்டியலில் முன்னே இருந்தன. என் மாணவியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. திட்டினார்கள்; நன்றாகவே திட்டினார்கள்!

தடுக்க முயன்ற கதை

திட்டியதோடு நிற்கவில்லை, தடுக்கவும் முயன்றார்கள். ஜாஸ் இசை இளைஞர்களைப் பாவத்தில் தள்ளுகிறதா என்று கேட்டு 1921இல் ஒரு பிரபல பெண்கள் இதழ் கட்டுரை வெளியிட்டது. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட ஆசிரியைகளை வேலைக்கு எடுக்கச் சில ஊர்களின் பள்ளி நிர்வாகங்கள் மறுத்தன.

சினிமாவுக்கு 1930இல் ஒரு நெறிமுறை எழுதப்பட்டது. திரைத்துறைச் சங்கத்தின் தலைவர் வில் ஹேஸ் பெயரால் ‘ஹேஸ் நெறிமுறை’ என்று அது அழைக்கப்படுகிறது. கத்தோலிக்க அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. குற்றவாளி மீது பார்வையாளருக்கு அனுதாபம் வரக் கூடாது, திருமண உறவின் புனிதம் காக்கப்பட வேண்டும் என்றெல்லாம் விதித்தது. படிக்கும்போது ‘நல்லதுதானே’ என்று தோன்றியது. அடுத்த விதியைப் படித்ததும் நின்றுவிட்டேன். வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே காதலோ திருமணமோ காட்டக் கூடாது என்றது அந்த விதி. பண்பாட்டைக் காப்பதாகச் சொன்ன அதே ஏட்டில் நிறவெறியும் ஒரு பண்பாடாக எழுதப்பட்டிருந்தது.

தொலைக்காட்சி வந்தபோதும் இதே கதை. 1950இல் நூற்றுக்கு 9 வீடுகளில் இருந்த தொலைக்காட்சி, 1960இல் ஏறத்தாழ 87 வீடுகளில் இருந்தது. ‘ஐ லவ் லூசி’ தொடரின் நாயகி லூசில் பால் உண்மையிலேயே கருவுற்றபோது அதைக் கதையில் சேர்த்தார்கள். ஆனால் ‘கர்ப்பம்’ என்ற சொல்லை மட்டும் உச்சரிக்கக் கூடாது! 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பான குழந்தைப்பேறு அத்தியாயத்தைச் சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தனர். மறுநாள் குடியரசுத் தலைவர் ஐசனோவரின் பதவியேற்பைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. 1957 ஜனவரியில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பாடியபோது, அவர் இடுப்பசைவு தெரியாதபடி கேமரா இடுப்புக்கு மேலேயே நின்றது. அதனால் அவருடைய இரசிகர்கள் குறையவில்லை. 1968இல் ஹேஸ் நெறிமுறையும் கைவிடப்பட்டு, வயதுக்கேற்ற தரச்சான்று முறை வந்தது.

எரிந்த புத்தகங்களும் ஒரு பாட்டு நோட்டும்

1948 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் காமிக்ஸ் புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். பெரியவர்களின் தூண்டுதலோடு வேறு சில ஊர்களிலும் இது நடந்தது. 1954இல் மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம், காமிக்ஸ் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகிறது என்று ‘செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசன்ட்’ நூலில் எழுதினார். செனட் துணைக்குழு விசாரித்தது. அதே ஆண்டு பதிப்பாளர்களே காமிக்ஸுக்கு ஒரு தணிக்கை நெறிமுறையை ஏற்றனர்.

வெர்தாம் கெட்ட மனிதர் அல்லர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஏழைக் கறுப்பின மக்களுக்காக மிகக் குறைந்த கட்டணத்தில் மனநல மையம் நடத்தியவர். நிறத்தின் பேரால் பள்ளிகளைப் பிரிப்பது பிள்ளைகளின் மனத்தைக் காயப்படுத்துகிறது என்று நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தவர். ஆனால், அவர் விட்டுச்சென்ற ஆவணங்களை ஆராய்ந்த நூலக அறிவியல் பேராசிரியர் கரோல் டில்லி 2012இல் ஓர் உண்மையை வெளியிட்டார். பிள்ளைகள் சொன்னவற்றை வெர்தாம் தம் வாதத்துக்கு ஏற்ப மாற்றியும், சேர்த்தும், விட்டும் எழுதியிருந்தார். நல்லெண்ணம் கொண்ட ஒரு பெரியவர், பிள்ளைகள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளும் முன்பே தீர்ப்பை எழுதிவிட்டார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். எந்தப் பாடத்திலும் இரண்டு வரி சேர்ந்தாற்போல் எழுத மாட்டான். ஒருநாள் அவன் பையில் இருந்து ஒரு நோட்டு விழுந்தது. முழுக்கச் சினிமாப் பாட்டுகள். பல்லவி, சரணம் பிரித்து, படத்தின் பெயரைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, பக்க எண் போட்டு, முதல் பக்கத்தில் பொருளடக்கமும் எழுதியிருந்தான். நான் வகுப்பு முன்னால் அதை உயர்த்திக் காட்டி, “இதுக்கு மட்டும் கை எழுதுதா?” என்று கேட்டு, இரண்டாகக் கிழித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு அவன் எதையும் எழுதி நான் பார்க்கவில்லை. எழுதத் தெரியாதவன் என்று நான் நினைத்த பிள்ளை, பொருளடக்கம் போடும் அளவுக்கு எழுதத் தெரிந்தவன் என்பதற்கான ஒரே சான்றை நானே கிழித்துப் போட்டிருக்கிறேன்.

எந்த மரபு? யாருடைய மரபு?

வெகுமக்கள் பண்பாடு நல்லது மட்டுமே செய்தது என்று சொல்ல வரவில்லை. 1915இல் வந்த ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ திரைப்படம் கறுப்பின மக்களை இழிவாகவும், கூ கிளக்ஸ் கிளான் கும்பலை வீரர்களாகவும் காட்டியது. செயலற்றுப் போயிருந்த அந்தக் கும்பல் அதே ஆண்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. ஆள் சேர்க்க இந்தப் படத்தைப் பயன்படுத்திக்கொண்டது. ஹார்லெமின் புகழ்பெற்ற காட்டன் கிளப்பில் மேடையில் பாடியவர்கள் கறுப்பினக் கலைஞர்கள். பார்வையாளர் இருக்கையோ வெள்ளையருக்கு மட்டும்.

அதே ஊடகங்கள் வேறொன்றும் செய்தன. 1955இல் மிசிசிப்பியில் 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில் நிறவெறியர்களால் கொல்லப்பட்டான். சிதைந்த முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று அவன் தாய் மேமி டில் சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார். ‘ஜெட்’ என்ற வார இதழ் அந்தப் படத்தை வெளியிட்டது. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மாவில் வாக்குரிமை கேட்டு அமைதியாக நடந்தவர்களைக் காவலர்கள் அடித்து விரட்டிய காட்சியை, ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒரு திரைப்படத்தை இடையில் நிறுத்திவிட்டு ஒளிபரப்பியது. கோடிக்கணக்கானோர் தங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அதைப் பார்த்தனர். ஐந்தே மாதங்களில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. சட்டம் தொலைக்காட்சியால் மட்டும் வரவில்லை. பல்லாண்டுப் போராட்டம் அதன் பின்னே இருந்தது. ஆனால் ‘எங்கோ நடக்கிறது’ என்று இருந்தவர்களின் கண்முன் அதைக் கொண்டுவந்தது அந்தப் பெட்டிதான்.

ஆகவே ‘மரபு விழுமியங்கள் அழிந்தன’ என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. சிக்கனம் தளர்ந்தது இழப்பு. நிறப்பாகுபாடு தளர்ந்தது ஆதாயம். அன்று இரண்டுமே ‘நம் வழக்கம்’ என்றுதான் அழைக்கப்பட்டன. எதைக் காக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பிரித்துப் பார்க்கும் அறிவை வளர்ப்பதே கல்வியின் வேலை.

பிள்ளைகளிடம் கேட்டவர்கள்

தடுத்தவர்களுக்கும் விற்றவர்களுக்கும் நடுவில் வேறு சிலரும் இருந்தார்கள். சினிமா பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்று அறிய, பெய்ன் நிதியத்தின் உதவியோடு நடந்த ஆய்வுகள் 1933இல் வெளிவந்தன. அதில் பங்கேற்ற சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். மாணவர்களிடமும் இளைஞர்களிடமும் தங்கள் ‘சினிமா தன்வரலாறு’ எழுதச் சொன்னார். முடி சீவுவது, நடப்பது, பேசுவது, காதலைச் சொல்வது எனத் திரையில் இருந்து கற்றதை அவர்கள் எழுதினர். பயந்ததையும், அழுததையும், தம் வீட்டின் மீது வெறுப்பு வந்ததையும்கூட எழுதினர்.

அடுத்தவர் ஜோன் கான்ஸ் கூனி. விளம்பரப் பாடல்களைச் சின்னஞ்சிறு பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடுவதைக் கவனித்த அவர், அதே உத்தியில் எழுத்தையும் எண்ணையும் கற்பித்தால் என்ன என்று யோசித்தார். ‘செசமி ஸ்ட்ரீட்’ 1969 நவம்பர் 10 அன்று தொடங்கியது. எல்லா நிறத்தவரும் ஒரே தெருவில் வாழ்வதாகக் காட்டியதால், 1970இல் மிசிசிப்பி மாநிலத்தின் கல்வித் தொலைக்காட்சி ஆணையம் அதை ஒளிபரப்ப மறுத்தது. எதிர்ப்பு எழுந்ததும் 22 நாள்களில் முடிவை மாற்றிக்கொண்டது.

என் வகுப்பில்

புளூமரின் வழியை ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்த்தேன். “கைப்பேசியிலும் சினிமாவிலும் பார்த்து நான் கற்றது” என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். மதிப்பெண் கிடையாது, பெயர் வேண்டாம், திட்டு விழாது என்று உறுதி கொடுத்தேன். ஒரு பாடவேளை அமைதியாக எழுதினார்கள்.

ஒருவர் காணொளி பார்த்து ஜாக்கெட் தைக்கக் கற்று, அம்மாவுக்குத் தைத்துக் கொடுத்ததாக எழுதியிருந்தார். ஒருவர் விளையாட்டுச் செயலியில் அப்பாவின் பணம் போனதை இதுவரை வீட்டில் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார். இன்னொரு தாளில் நான்கே வரிகள்: விளம்பரத்தில் வருகிறவர்கள் எல்லாம் சிவப்பாக இருக்கிறார்கள், தான் கறுப்பு, அதனால் குழுப் படம் எடுக்கும்போது எப்போதும் பின்னால் போய் நின்றுகொள்வதாக. மூன்றும் ஒரே கருவியில் இருந்து வந்தவை. மேலாண்மைக் குழுவில் நான் பேசிய அந்தப் பத்து நிமிடத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இப்போது விளம்பரமோ பாட்டோ காணொளியோ பேச்சில் வந்தால், வகுப்பில் நான்கு கேள்விகள் கேட்கிறோம். இதை உருவாக்கியவர் யார்? இதனால் அவருக்கு என்ன கிடைக்கிறது? இதில் யார் அழகாக, யார் கேலியாகக் காட்டப்படுகிறார்கள்? இதில் நாம் எடுத்துக்கொள்வது எது, விட்டுவிடுவது எது? மொழிப்பாட ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். கணக்கு ஆசிரியர்கள் தவணை வட்டியில் இருந்து தொடங்கலாம். எழுதி வாங்குவதாக இருந்தால் பெயர் கேட்காதீர்கள். அதில் வரும் ஒரு செய்தியையும் யாரையும் கண்டிக்கப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை நம்பிக்கை போனால் மறுமுறை எழுத மாட்டார்கள். அதை நான் அனுபவத்தில் கண்டவள்.

வகுப்பு வேளையில் கைப்பேசி கூடாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. மாற்றிக்கொண்டது ஒன்றைத்தான்: பறிப்பதற்கு முன் பார்க்கிறேன், தீர்ப்புச் சொல்வதற்கு முன் கேட்கிறேன். சென்ற மாதம் ஒரு மாணவனின் மேசையடியில் பாட்டு நோட்டு ஒன்று கிடைத்தது. திருப்பிப் பார்த்தேன். “கையெழுத்து நல்லா இருக்குடா, இதுல ஒரு பாட்டுக்கு நீயா ஒரு சரணம் எழுதிக் கொண்டு வா” என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். எழுதி வந்தான். எழுத்துப்பிழைகள் ஏழு. அவனையே பக்கத்தில் உட்காரவைத்துத் திருத்தினேன்.